பகை நாடுகள் பங்கிட்டுக்கொண்ட ஒளி

துகள் முடுக்கி என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது ஜெனீவாவுக்கு அருகே, பூமிக்கு அடியில், 27 கிலோமீட்டர் சுற்றளவில் செர்ன் நிறுவனம் அமைத்திருக்கும் பெரும் வளையம்தான். 2012-ல் ஹிக்ஸ் துகள் அங்கே கண்டறியப்பட்ட பிறகு தமிழிலும் அதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. நான் எழுத விரும்புவது அதைப்போல் இருநூறில் ஒரு பங்கு அளவே உள்ள ஒரு வளையத்தைப் பற்றி. ஜோர்தான் தலைநகர் அம்மானுக்கு வடமேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் அல்லான் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 133 மீட்டர் சுற்றளவுள்ள எலக்ட்ரான் முடுக்கி ஒன்று 2017 முதல் இயங்கி வருகிறது. அதன் பெயர் செசமி.

அந்த ஆண்டு மே 16 அன்று ஜோர்தான் மன்னர் இரண்டாம் அப்துல்லா அதைத் திறந்து வைத்தபோது சைப்ரஸ், எகிப்து, ஈரான், இஸ்ரேல், ஜோர்தான், பாகிஸ்தான், பாலஸ்தீனம், துருக்கி ஆகியவை அதன் உறுப்பினர்களாக இருந்தன. இந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். ஈரானும் பாகிஸ்தானும் இஸ்ரேலை ஒரு நாடாகவே ஏற்றுக்கொள்ளவில்லை. துருக்கிக்கும் சைப்ரஸுக்கும் இடையே தூதரக உறவு கிடையாது. இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனத்துக்கும் இடையில் இருப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இவர்களுடைய பிரதிநிதிகள் ஒரே மன்றத்தில் கூடி, ஒரே இயந்திரத்தின் வரவுசெலவுக் கணக்கைப் பார்த்து, வாக்களித்துக் கலைகிறார்கள்.

செசமியைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இந்த இடத்தில் அறிவியல் எப்படி அமைதியைக் கொண்டுவருகிறது என்று நெகிழத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. செசமி எந்தப் போரையும் நிறுத்தவில்லை. 2023 அக்டோபரிலிருந்து காஸாவின் பல்கலைக்கழகக் கட்டடங்கள் குண்டுவீச்சில் இடிந்து விழுந்ததை அந்த மன்றத்தால் தடுத்திருக்க முடியாது. ஆனால் இத்தனைக்கும் நடுவே இந்த ஏற்பாடு எப்படி உடையாமல் நிற்கிறது என்பது முக்கியமான கேள்வி. அதற்கான விடை நல்லெண்ணத்தைவிட, அவர்கள் எந்த வகை இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில்தான் பெரிதும் அடங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன். பொருளறிவியலில் ஆய்வு செய்த காலத்தில் இந்தூரில் உள்ள இண்டஸ்-2 என்ற இதே வகை முடுக்கியில் வேலை செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம். செசமியில் துகள்கள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. எலக்ட்ரான்களை ஒளியின் வேகத்துக்கு மிக அருகே கொண்டுசென்று, காந்தங்களால் வளைத்து, ஒரு வெற்றிடக் குழாய்க்குள் மணிக்கணக்கில் சுற்றவிடுகிறார்கள். வேகமாக ஓடும் எலக்ட்ரானை வளைத்தால் அது ஒளியை உமிழும். ஈரச் சாலையில் ஓடும் சைக்கிள் சக்கரம் தண்ணீரைத் தொடுகோட்டுத் திசையில் வீசியெறிவதைப்போல, எலக்ட்ரான் ஒவ்வொரு வளைவிலும் தான் போய்க்கொண்டிருந்த திசையில் ஒளியை வீசுகிறது. எலக்ட்ரானின் ஆற்றல் கூடக் கூட அந்த ஒளிக்கற்றை மேலும் மேலும் குறுகும். செசமியின் ஆற்றலில், பத்து மீட்டர் தூரம் போன பிறகும் ஒளி மேலும் கீழும் சில மில்லிமீட்டருக்கு மேல் விரிவதில்லை. அகச்சிவப்பில் தொடங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் புற ஊதாவையும் கடந்து எக்ஸ் கதிர் வரை எல்லா அலைநீளங்களும் அந்தக் கற்றையில் இருக்கும். வேண்டிய அலைநீளத்தைப் படிகங்களின் உதவியால் பிரித்தெடுத்துக்கொள்ளலாம்.

துகள் இயற்பியலாளர்கள் இந்த ஒளியைத் தொடக்கத்தில் ஒரு தொல்லையாகவே கருதினார்கள். 1947-ல் அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தின் சின்க்ரோட்ரான் என்ற சிறிய வளைய முடுக்கியில், கண்ணாடியாலான வெற்றிடக் கலத்தின் வழியே அது முதன்முதலாகக் கண்ணுக்குத் தென்பட்டது. எலக்ட்ரான்கள் சேர்த்துவைத்த ஆற்றலை ஒவ்வொரு சுற்றிலும் அது தின்றுவிடுகிறதே என்பதுதான் அன்றைய கவலை. பிறகு வேறு துறையினர் வந்து, நீங்கள் வீணாக்குகிற அந்த ஒளியை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மோதல் முடுக்கிகளின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு வேலை செய்தவர்களுக்காகப் பின்னாளில் ஒளியை மட்டுமே நோக்கமாகக் கொண்ட வளையங்கள் கட்டப்பட்டன.

செசமியில் மூன்று கட்டமாக எலக்ட்ரான்களுக்கு ஆற்றல் ஏறுகிறது. மைக்ரோட்ரான் என்ற சிறு முடுக்கி அவற்றை 2.2 கோடி எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு இது) கொண்டுவருகிறது. அடுத்து பூஸ்டர் என்ற உள்வளையம் 80 கோடிக்கு உயர்த்துகிறது. அதன் பிறகு அவை 133 மீட்டர் சேமிப்பு வளையத்துக்குள் செலுத்தப்பட்டு, அங்கேயே 250 கோடி எலக்ட்ரான் வோல்ட் வரை ஏற்றப்படுகின்றன. ஒரு எலக்ட்ரான் ஒரு நொடியில் அந்த வளையத்தை இருபது லட்சம் தடவைக்கு மேல் சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒளியாக இழக்கும் சுமார் ஆறு லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டை ரேடியோ அலைவரிசைக் குழிவுகள் உடனுக்குடன் திருப்பிக் கொடுக்கின்றன. இழப்பதும் திருப்பித் தருவதுமான அந்தக் கணக்கு பிசகாமல் நடக்கும்வரை வளையத்தைச் சுற்றியுள்ள ஆய்வு நிலையங்களுக்கு ஒளி கிடைத்துக்கொண்டே இருக்கும்.

அந்த ஆய்வு நிலையங்களைத்தான் பீம்லைன் என்கிறோம். ஒரு பீம்லைனில் நடக்கும் வேலையை அருகிலிருந்து பார்த்தால்தான் நான் சொல்ல வரும் விஷயம் விளங்கும். இந்தூரில் நான் வேலை செய்தது எக்ஸ் கதிர் உட்கவர்தலை அளக்கும் பீம்லைனில். இதே முறைக்கான பீம்லைன்தான் செசமியிலும் முதலில் திறக்கப்பட்டது. ஆராய வேண்டிய பொருளில் சில மில்லிகிராமை அகேட் கல்வத்தில் இட்டு மாவாக அரைக்க வேண்டும். அதை போரான் நைட்ரைடு அல்லது செல்லுலோஸ் தூளோடு சீராகக் கலந்து, அச்சில் கொட்டி, கைப்பிடி அழுத்தியில் அழுத்தினால் நாணயம் போன்ற மெல்லிய வில்லை ஒன்று கிடைக்கும். அதில் ஒரு சிறு கட்டி இருந்தாலும் அளவீடு கெட்டுவிடும் என்பதால் அரைப்பதில்தான் பொறுமை தேவை. வில்லையை ஒரு சட்டத்தில் ஒட்டி, ஈயத் தகடு போர்த்திய அறைக்குள் எக்ஸ் கதிரின் அளவைக் காட்டும் இரண்டு அயனிக் கலங்களுக்கு நடுவே நிறுத்த வேண்டும். பிறகு அந்த அறைக்குள் யாரும் இல்லை என்பதை உறுதிசெய்ய ஒருவர் உள்ளே நடந்து, சுவரில் உள்ள பொத்தான்களைக் குறித்த வரிசையில் அழுத்திக்கொண்டே வெளியேறுவார். எச்சரிக்கை மணி ஒலிக்கும், கதவு பூட்டிக்கொள்ளும், அதன் பிறகே ஒளியைத் தடுத்திருக்கும் தடுப்பு திறக்கும்.

பிறகு இரவெல்லாம் திரையில் ஒரு கோடு மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். எக்ஸ் கதிரின் ஆற்றலைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போகும்போது, குறிப்பிட்ட ஓரிடத்தில் உட்கவர்தல் செங்குத்தாக எழும். அந்த இடம் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒவ்வொன்று. இரும்புக்கு ஓரிடம், ஆர்செனிக்குக்கு வேறோரிடம். அந்த எழுச்சிக்குப் பின்னால் வரும் நுண்ணிய அலைகளைப் பகுத்துப் பார்த்தால், அந்த அணுவைச் சுற்றி எந்த அணுக்கள் எவ்வளவு தூரத்தில் அமர்ந்திருக்கின்றன என்று தெரிந்துவிடும். மண்ணில் ஆர்செனிக் இருக்கிறதா என்று சொல்ல எத்தனையோ கருவிகள் உண்டு. ஆனால் அது செடியின் வேர் உறிஞ்சிக்கொள்ளும் வடிவத்தில் இருக்கிறதா, இரும்பு ஆக்சைடோடு இறுகப் பிணைந்து கிடக்கிறதா என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்ல இந்த ஒளி வேண்டும்.

இந்த வேலைக்கு எத்தனை பேர் தேவை? ஒரு பேராசிரியரும் இரண்டு மாணவர்களும் போதும். அவர்கள் கொண்டுவருவது ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிவிடும் மாதிரிகள். சில நாட்கள் இரவுபகலாக அளந்துவிட்டு ஊர் திரும்பினால், அடுத்த ஒரு வருடத்துக்குப் பகுத்தாய வேண்டிய தரவு கையில் இருக்கும். மோதல் முடுக்கியில் ஒரே சோதனைக்கு ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். அதில் பங்கெடுப்பதற்கு ஏற்கெனவே வலுவான துகள் இயற்பியல் மரபு கொண்ட நாடாக இருக்க வேண்டும். ஒளி வளையம் அப்படிப்பட்டதல்ல. பாலஸ்தீனத்தின் ஒரு வேதியியல் துறையும் சைப்ரஸின் ஒரு தொல்லியல் நிறுவனமும் பாகிஸ்தானின் ஒரு மண்ணியல் ஆய்வகமும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கேள்விகளோடு, ஒரே வாரத்தில் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியும். யாரும் யாருடைய ஆய்வையும் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. ஒளி நிற்காமல் கிடைக்க வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் பொதுவான தேவை. அரசியல் நம்பிக்கை அறவே இல்லாத இடத்தில் இப்படிக் குறைந்தபட்சத் தேவையின் மேல் கட்டப்பட்ட ஏற்பாடுதான் தாக்குப்பிடிக்கும்.

இந்த எண்ணம் முளைத்ததற்கு நீண்ட வரலாறு உண்டு. மேற்கு ஆசியாவுக்குப் பொதுவான ஓர் ஒளி வளையம் வேண்டும் என்பதை முன்கூட்டியே எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர், 1979-ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பாகிஸ்தானின் அப்துஸ் சலாம். அவர் காலத்தில் அது நடக்கவில்லை. 1990-களின் நடுவில், இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் செய்துகொண்ட ஆஸ்லோ ஒப்பந்தம் தந்த நம்பிக்கை இன்னும் மிச்சமிருந்த நாட்களில், செர்னில் பணியாற்றிய இத்தாலிய இயற்பியலாளர் செர்ஜியோ ஃபுபினியும் எருசலேம் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தின் எலியேசர் ராபினோவிச்சியும் அரபு, இஸ்ரேலிய அறிவியலாளர்களை ஒன்றுகூட்ட முயன்றார்கள். 1995 நவம்பரில் எகிப்தின் சினாய் கடற்கரையில், தஹாப் என்ற இடத்தில், ஒரு பெரிய பெதூயின் கூடாரத்துக்குள் அந்தக் கூட்டம் நடந்தது. இஸ்ரேலியப் பிரதமர் இட்சாக் ராபின் அதே மாதம் 4-ஆம் தேதிதான் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கூட்டத்தில் எகிப்தின் அமைச்சர் வெனிஸ் கவுதா எழுந்து, ராபினுக்காக மௌன அஞ்சலி செலுத்தும்படி கேட்டுக்கொண்டார் என்று ராபினோவிச்சி பதிவுசெய்திருக்கிறார். அரபு நாட்டு அமைச்சர் ஒருவர் அப்படிக் கேட்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. அந்த மாதம் அகாபா வளைகுடாவில் வந்த பெரும் நிலநடுக்கமும் அந்தக் கூட்டத்தையே குலுக்கிவிட்டுப் போனது.

கூடிப் பேசியவர்களிடம் ஒரு திட்டம் இல்லை. அது 1997-ல் வேறொரு திசையிலிருந்து வந்தது. பெர்லினில் 1980-களின் தொடக்கத்திலிருந்து இயங்கிய பெஸ்ஸி-1 என்ற ஒளி வளையத்தை, புதிய வளையம் தயாரானதும் மூடிவிட ஜெர்மனி முடிவெடுத்திருந்தது. ஸ்டான்ஃபோர்டு முடுக்கி மையத்தின் ஹெர்மன் வினிக்கும் ஹாம்பர்க் டெசி ஆய்வகத்தின் குஸ்டாவ்-அடால்ஃப் ஃபோஸும் அதை இரும்புக் கடைக்குப் போகவிடாமல் மேற்கு ஆசியாவுக்குக் கொடுத்துவிடலாமே என்று கேட்டார்கள். செர்னின் முன்னாள் தலைமை இயக்குநர் ஹெர்விக் ஷாப்பர் பொறுப்பேற்று யுனெஸ்கோவை அணுகினார். 1999 ஜூனில் பாரிஸில் உள்ள யுனெஸ்கோ தலைமையகத்தில் நடந்த கூட்டத்தில் இடைக்கால மன்றம் உருவானது. இரண்டாம் உலகப் போரில் ஒருவரையொருவர் அழித்த ஐரோப்பிய நாடுகள் 1954-ல் செர்னைத் தொடங்கியபோதும் யுனெஸ்கோதான் குடையாக நின்றது. அந்த அமைப்பு விதிகளையே செசமியும் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது. போதிய நாடுகள் சேர்ந்து 2004-ல் செசமி முறையான பன்னாட்டு அமைப்பானது. மன்றத்துக்குத் தலைமை தாங்கிய முதல் மூவரான ஷாப்பர், கிறிஸ் லெவலின் ஸ்மித், ரோல்ஃப் ஹாயர் ஆகியோர் அனைவருமே செர்னின் தலைமை இயக்குநர்களாக இருந்தவர்கள்.

இடத்துக்குப் பல நாடுகள் போட்டியிட்டன. எந்த நாட்டு அறிவியலாளரும் தடையின்றி வந்துபோக முடியும் என்ற உறுதியையும், நிலத்தையும், கட்டடத்துக்கான பணத்தையும் தர ஜோர்தான் முன்வந்தது. 1994-ல் இஸ்ரேலோடு அமைதி உடன்படிக்கை செய்துகொண்டிருந்ததால் அந்த உறுதியைத் தரக்கூடிய நிலையிலும் அது இருந்தது. ஈரானியரும் இஸ்ரேலியரும் விசா பெற்று ஒரே வாசல் வழியாக நுழையக்கூடிய இடம் அந்த வட்டாரத்தில் வேறு எங்கே இருந்தது?

இங்கே அவர்கள் எடுத்த ஒரு முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். பெர்லினிலிருந்து வந்த வளையத்தை அப்படியே மறுபடியும் பூட்டியிருந்தால் செலவு குறைவு, காலமும் மிச்சம். ஆனால் 80 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் வன் எக்ஸ் கதிர்கள், அதாவது ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர்கள், பயன்படும் அளவுக்குக் கிடைக்காது. திறப்பு விழா நடந்திருக்கும், புகைப்படங்கள் வந்திருக்கும், ஆனால் ஆய்வாளர்கள் தங்கள் மாதிரிகளோடு ஐரோப்பாவுக்குத்தான் போயிருப்பார்கள். எனவே பழைய மைக்ரோட்ரானையும் பூஸ்டரையும் மட்டும் வைத்துக்கொண்டு, 250 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புதிய சேமிப்பு வளையத்தைத் தாங்களே வடிவமைப்பது என்று தீர்மானித்தார்கள். நம் இண்டஸ்-2 வளையத்தின் ஆற்றலும் இதேதான். இதனால் பல ஆண்டுகள் தாமதம் ஆனது உண்மை. அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டதால்தான் இன்று அங்கே நடப்பது சடங்காக இல்லாமல் ஆய்வாக இருக்கிறது. அந்தக் காத்திருப்பு ஆண்டுகளில் உறுப்பு நாடுகளின் இளம் ஆய்வாளர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள வளையங்களுக்கு அனுப்பப்பட்டுப் பயிற்சி பெற்றார்கள். இயந்திரத்துக்கு முன்பே அதைப் பயன்படுத்துகிறவர்கள் தயாரானார்கள்.

வளையத்துக்கான காந்தங்களை ஐரோப்பிய ஒன்றியத்தின் 50 லட்சம் யூரோ நிதியுதவியோடு செர்ன் பொறுப்பேற்றுச் செய்து கொடுத்தது. அப்போதும் எல்லாவற்றையும் ஐரோப்பாவிலேயே செய்து அனுப்பிவிடாமல், ஒரு பகுதி வேலை உறுப்பு நாடுகளின் தொழிற்கூடங்களுக்குப் போகும்படி பார்த்துக்கொண்டார்கள். பாகிஸ்தானிலும் துருக்கியிலும் சைப்ரஸிலும் செய்த காந்தங்கள் ஒரே வளையத்தில் வரிசையாக அமர்ந்தன. நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் துல்லியம் கேட்கும் வேலையைக் கற்றுக்கொண்ட தொழிலாளி தன் நாட்டிலேயே இருப்பது எந்த நிதியுதவியைவிடவும் பெரிது.

இழப்புகளையும் சொல்ல வேண்டும். செசமி கூட்டங்களில் ஈரானின் சார்பில் பங்கேற்ற இரண்டு அறிவியலாளர்கள் ஒரே ஆண்டில் கொல்லப்பட்டார்கள். தெஹ்ரான் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் மசூத் அலிமொஹம்மதி 2010 ஜனவரியில் தம் வீட்டு வாசலில் வெடித்த குண்டுக்குப் பலியானார். அணுப் பொறியியலாளர் மஜீத் ஷஹ்ரியாரி அதே ஆண்டு நவம்பரில் தம் காரில் ஒட்டப்பட்ட குண்டு வெடித்து இறந்தார். அதற்குப் பிறகும் ஈரான் மன்றத்தை விட்டு விலகவில்லை. அவர்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியவர்கள் அடுத்த கூட்டத்துக்கு எந்த மனநிலையோடு வந்திருப்பார்கள்?

2012-ல் பணம் தீர்ந்துபோகும் நிலை வந்தபோது ஈரான், இஸ்ரேல், ஜோர்தான், துருக்கி ஆகிய நான்கும் வழக்கமான சந்தாவுக்கு மேலாகத் தலா 50 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டன. ஈரானும் இஸ்ரேலும் ஒரே தீர்மானத்தின் கீழ் ஒரே தொகையைத் தர முன்வந்த வேறொரு நிகழ்ச்சி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் பன்னாட்டுப் பொருளாதாரத் தடைகளால் ஈரானின் பணம் வங்கிகளைக் கடந்து வந்துசேர முடியவில்லை. 2013 டிசம்பரில் அந்தப் பகுதியில் வரலாறு காணாத பனி பொழிந்து, முடுக்கிக் கூடத்தின் கூரையே பாரம் தாங்காமல் இடிந்து விழுந்தது. கதிர்வீச்சைத் தடுப்பதற்காகக் கட்டியிருந்த கான்கிரீட் சுவர்கள் உள்ளே இருந்த பூஸ்டரைக் காப்பாற்றின. கூரையை மறுபடி போடும்வரை குளிரிலும் வேலை தொடர்ந்தது.

இத்தனையையும் தாண்டிய செசமியை முடக்கிப்போடப் பார்த்தது மின்கட்டணம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெளியாட்கள் அரசியலையே பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே இருந்தவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது மாதாமாதம் வரும் அந்த பில்தான். ஜோர்தானில் எண்ணெய் வளம் கிடையாது. எகிப்திலிருந்து வந்துகொண்டிருந்த எரிவாயுக் குழாய் 2011-க்குப் பிறகு திரும்பத் திரும்பத் தகர்க்கப்பட்டதும் மின்சார விலை கடுமையாக ஏறியது. மின்காந்தங்களும் ரேடியோ அலைவரிசைக் கருவிகளும் குளிர்விப்பு நிலையமும் ஓயாமல் ஓட வேண்டிய ஒரு முடுக்கிக்கு, ஊழியர் சம்பளத்தையே விழுங்கிவிடக்கூடிய செலவு அது. வளையத்தைக் கட்டி முடித்துவிட்டு மின்சாரத்துக்குப் பணம் இல்லாமல் அணைத்துவைக்கும் அபாயம் உண்மையிலேயே இருந்தது.

அதற்குக் கண்ட தீர்வு சூரிய மின்நிலையம். ஐரோப்பிய ஒன்றியம் ஜோர்தான் அரசின் வழியாக நிதி தந்தது. 6.48 மெகாவாட் திறனுள்ள மின்நிலையம் 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பகலில் உற்பத்தியாகும் மின்சாரம் நாட்டின் மின்கட்டமைப்புக்குள் செல்கிறது. அதே அளவு மின்சாரத்தை இரவும் பகலும் செசமி எடுத்துக்கொள்கிறது. முழுக்கவே புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் இயங்கும் உலகின் முதல் பெரிய முடுக்கி என்ற பெயர் இப்படித்தான் அதற்குக் கிடைத்தது. விளம்பரத்துக்காகச் செய்த பசுமைத் திட்டங்களை நாம் நிறையவே பார்த்திருக்கிறோம். இது பிழைப்பதற்காகச் செய்தது. அதனால்தான் நான் இதை அதிகம் நம்புகிறேன்.

வளையத்துக்குள் எலக்ட்ரான்கள் முதன்முதலாகச் சுற்றியது 2017 ஜனவரியில். அதே ஆண்டு நவம்பரில் உட்கவர்தல் பீம்லைனுக்கு ஒளி வந்தது. 2018 கோடையில் வெளி ஆய்வாளர்கள் வரத் தொடங்கினார்கள். அந்த முதல் குழுக்களில் ஒன்று சைப்ரஸிலிருந்து வந்தது. பழங்கால மனித எலும்புகளில் எந்தத் தனிமங்கள் எங்கே படிந்திருக்கின்றன என்று பார்ப்பது அவர்கள் வேலை. வாழ்ந்த காலத்தில் உடலுக்குள் போனதா, புதைத்த பிறகு மண்ணிலிருந்து ஏறியதா என்பதைப் பிரித்தறிய வேண்டும். நாகரிகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைந்து கிடக்கும் அந்த நிலப்பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இருக்க முடியாது. அதுவரை அங்கே தோண்டியெடுத்த எலும்பையும் மண்பாண்டத்தையும் ஏட்டுச் சுவடியையும் இப்படி ஆராய வேண்டுமென்றால் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. தொல்பொருளை நாட்டை விட்டு வெளியே அனுப்ப அனுமதி கேட்டு அலைந்தவர்களுக்கு அதன் சிரமம் தெரியும்.

அகச்சிவப்பு பீம்லைனுக்குப் பொறுப்பானவர் எகிப்தின் கிஹான் கமால். புற்றுநோய்த் திசுக்கள் முதல் பழஞ்சுவடிகளின் தோல் வரை அங்கே ஆராயப்படுகின்றன. உட்கவர்தல் பீம்லைனின் கருவிகள் பிரான்ஸின் கிரெனோபிள் வளையத்தில் ஜெர்மானிய ஆய்வகம் ஒன்று பயன்படுத்தியவை. பொருளறிவியல் பீம்லைன் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. பிறருடைய பயன்படுத்திய கருவிகளை வாங்கிக்கொள்வதில் அவர்கள் கூச்சப்படவில்லை. அடுத்து ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அமைப்பின் உதவியோடு மென் எக்ஸ் கதிர் பீம்லைன் 2022-ல் வந்தது. பொருளை வெட்டாமலே அதன் உட்புறத்தை முப்பரிமாணத்தில் காட்டும் டோமோகிராஃபி பீம்லைன், ஐரோப்பிய ஒன்றியத் திட்டம் ஒன்றின் வழியாக 2023-ல் வந்தது. மண்சாடியின் சுவரில் களிமண்ணோடு கலந்த வைக்கோல் விட்டுச்சென்ற வெற்றிடங்களையும், மூடிய எலும்புக்குள் ஓடும் நுண்குழல்களையும் இனி அல்லானிலேயே பார்க்கலாம்.

நம்மவர்களுக்குத் தெரிந்த ஒரு பெயரையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் செல்லுக்குள் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றபோது அதைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் இஸ்ரேலின் ஆடா யோனத். இருவருடைய கண்டுபிடிப்புகளுமே இத்தகைய வளையங்கள் தரும் சின்க்ரோட்ரான் ஒளி இல்லாமல் நடந்திருக்க முடியாதவை. தங்கள் படிகங்களைத் தூக்கிக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் வளையம் தேடிப் போனவர்கள் அவர்கள். யோனத் போன்ற ஒருவர் தம் நாட்டிலிருந்து ஒருசில மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய வளையம் அவருடைய இளமையில் இருந்திருந்தால் என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் செசமியில் முதலில் திறக்கப்பட்டவற்றில் புரதப் படிகங்களுக்கான பீம்லைன் இடம்பெறவில்லை. உயிரியல் ஆய்வாளர்கள் அந்த வட்டாரத்தில் பெருகி வரும் நிலையில் இதை நான் பெரிய குறையாகவே பார்க்கிறேன்.

2019-ல் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் தன் அறிவியல் ராஜதந்திர விருதைச் செசமிக்காக உழைத்த ஐந்து பேருக்குச் சேர்த்து வழங்கியது. ஷாப்பர், லெவலின் ஸ்மித், ராபினோவிச்சி ஆகியோரோடு துருக்கியின் உயிர் இயற்பியலாளர் செஹ்ரா சாயர்ஸும் ஜோர்தானின் காலித் தூக்கானும் அதைப் பெற்றார்கள். விருது சரியானவர்களுக்குத்தான் போனது. அது அடுத்த ஆண்டின் செலவுக்கு உதவாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்றைக்கு என்னைக் கவலைப்படுத்துவது சந்தாவும் பழைய இயந்திரமும்தான். உறுப்பு நாடுகள் பலவும் பொருளாதார நெருக்கடியில் இருக்கின்றன. ஒரு நாடு சந்தாவைத் தாமதித்தாலும் உதிரிபாகம் வாங்குவது தள்ளிப்போகும். பெர்லினிலிருந்து வந்த மைக்ரோட்ரானும் பூஸ்டரும் நாற்பது வயதைத் தாண்டிவிட்டவை. அவற்றுக்கான பாகங்களைத் தயாரித்தவர்கள் பலர் இன்று அந்தத் தொழிலிலேயே இல்லை. பூஸ்டர் 80 கோடி எலக்ட்ரான் வோல்ட் வரை மட்டுமே ஏற்றித் தருவதால், ஒளி மங்கும்போதெல்லாம் வளையத்தில் எஞ்சியுள்ள எலக்ட்ரான்களைக் கைவிட்டு, மீண்டும் நிரப்பி, மீண்டும் 250 கோடிக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது. நவீன வளையங்களில் குறைகிற எலக்ட்ரான்களைச் சுற்று நிற்காமலே அவ்வப்போது ஈடுசெய்துவிடுவார்கள். அதனால் அங்கே ஒளியின் அளவு நாள் முழுவதும் ஒரே சீராக இருக்கும், கருவிகளின் வெப்பநிலையும் மாறாது, அளவீடும் துல்லியமாகும். செசமிக்கும் அப்படி ஒரு முழு ஆற்றல் செலுத்து முடுக்கி தேவை. புதிய பீம்லைன் என்றால் அதன் மேல் பெயர்ப்பலகை வைக்கலாம் என்பதால் நிதி தர ஆள் கிடைக்கும். கான்கிரீட் சுவருக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் ஓடப்போகும் ஒரு பூஸ்டருக்குப் பணம் திரட்டுவது கடினம். மன்றம் அடுத்து முன்னுரிமை கொடுக்க வேண்டியது அதற்குத்தான் என்பது என் எண்ணம்.